கதவுக்கு அடியில் ஒரு தாள்: புனித பிரான்சிஸ் சலேசியார்



ஞாயிறு திருப்பலி முடிந்து, மதிய உணவும் முடித்து வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, கையில் விவிலியத்தோடும் துண்டுப்பிரசுரத்தோடும் யாராவது வாசலில் வந்து நிற்பது நம்மில் பலருக்குப் பழக்கமான காட்சி. மாதாவை ஏன் வணங்குகிறீர்கள், குருவிடம் ஏன் பாவத்தை அறிக்கையிடுகிறீர்கள், உத்தரிக்கிற ஸ்தலம் விவிலியத்தில் எங்கே இருக்கிறது என்றெல்லாம் கேட்பார்கள். நம்மில் சிலர் கதவைச் சாத்திவிடுகிறோம். சிலர் சத்தம் போட்டு அனுப்பிவிடுகிறோம். வந்தவர் கதவுக்கு அடியில் ஒரு தாளைத் தள்ளிவிட்டுப் போய்விடுகிறார்.

இப்படித் தாளைத் தள்ளிவிட்டுப் போகும் வழியை 400 ஆண்டுகளுக்கு முன்பே கையாண்டவர் நம் திருச்சபையின் புனிதர் ஒருவர் என்றால் வியப்பாக இருக்கும். ஜனவரி 24-ஆம் நாள் நாம் விழா கொண்டாடும் புனித பிரான்சிஸ் சலேசியார்தான் அவர். தொன் போஸ்கோ தம் சபைக்குச் சூட்டியது இவருடைய பெயரைத்தான். அந்தச் சபையின் குருக்கள் 1906-ல் தஞ்சாவூருக்கு வந்ததிலிருந்து சலேசியர் என்ற சொல் நமக்குத் தெரியும். பெயருக்குரியவரின் வாழ்க்கைதான் அவ்வளவாகத் தெரியாது.

1567-ல் சவோய் நாட்டில், தோரன்ஸ் என்ற ஊரில் உயர்குடியில் பிறந்தவர். மகன் பெரிய வழக்கறிஞராகி அரசுப் பதவியில் அமர வேண்டும் என்பது தந்தையின் ஆசை. பாரிசில் இயேசு சபையாரின் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, ஏறத்தாழ 19 வயதில், அவரை ஓர் அச்சம் பிடித்துக்கொண்டது. கடவுள் சிலரை மீட்புக்கும் சிலரை அழிவுக்கும் முன்னரே குறித்துவிட்டாரா என்ற விவாதம் அப்போது எங்கும் சூடாக நடந்துகொண்டிருந்தது. தாம் அழிவுக்கென்றே குறிக்கப்பட்டவர் என்று அந்த இளைஞர் நம்பத் தொடங்கினார். உணவும் உறக்கமும் கெட்டன, உடல் மெலிந்தது. பல வாரங்களுக்குப் பின் புனித ஸ்தேவான் ஆலயம் ஒன்றில் அன்னை மரியாவின் சுரூபத்தின் முன் முழந்தாள்படியிட்டார். மறுமையில் என்ன ஆனாலும் ஆகட்டும், இம்மையிலாவது கடவுளை முழுமனதோடு அன்புசெய்வது என்று தீர்மானித்தார். அச்சம் விலகியது.

இதைச் சற்று விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. பின்னாளில் அவர் எதிர்கொண்ட கால்வினிய சபையினரின் கொள்கைகளில் இந்த முன்குறிப்பும் ஒன்று. அதை அவர் புத்தகத்தில் மட்டும் படித்தவர் அல்லர். அதன் வேதனையை அனுபவித்தவர்.

பதுவை நகரில் 1591-ல் சட்டத்தில் முனைவர் பட்டம் பெற்றார். சட்டத்தோடு இறையியலும் கற்றார். தந்தையின் மனவருத்தத்தைத் தாங்கிக்கொண்டு 1593 டிசம்பரில் குருவானார்.

அடுத்த ஆண்டே, 1594 செப்டம்பரில், ஷாப்லே என்ற பகுதிக்குப் புறப்பட்டார். உறவினரான லூயி என்ற குருவும் உடன் சென்றார். ஜெனீவா ஏரியின் தென்கரையில் உள்ள அந்தப் பகுதியை 1536-ல் பெர்ன் நகரத்தார் கைப்பற்றியிருந்தனர். இரண்டு தலைமுறைகளாகத் திருப்பலியே மறைந்துபோன நாடு அது. தோனோன் என்ற அதன் முக்கிய நகரில் கத்தோலிக்கர் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே இருந்தனர். இரவில் அலாஞ்ஜ் கோட்டையில் தங்கிவிட்டு, பகலில் நகருக்கு நடந்து போய் வந்தார். பனியிலும் குளிரிலும் கால்கள் வெடித்தன. கேட்க வந்தவர்களோ மிகச் சிலர். அவரிடம் பேசுவதைக் கண்டாலே மற்றவர்கள் தூற்றுவார்கள் என்று மக்கள் அஞ்சினர்.

அவர் கையோடு கொண்டுபோன நூல்கள் முக்கியமாக இரண்டு: விவிலியமும், பெல்லார்மின் எழுதிய விவாத நூலும். எதிர்த்தரப்பின் எழுத்துகளையும் படித்தார். அவர்கள் உண்மையில் சொல்வது என்ன என்று தெரிந்துகொண்ட பிறகே பதில் எழுதினார். மறையுரை கேட்க வராதவர்களுக்காக 1595 முதல் சிறுசிறு தாள்களாக எழுதி, படியெடுத்து, வீட்டுக் கதவுகளுக்கு அடியில் தள்ளிவிட்டார். பொது இடங்களில் ஒட்டியும் வைத்தார். திருச்சபையின் அதிகாரம், மறைநூல், மரபு, திருத்தந்தை, உத்தரிக்கிற ஸ்தலம் என்று ஒவ்வொன்றாக விளக்கினார். வீட்டில் தனியாக இருக்கும்போது யாருக்கும் அஞ்சாமல் படிக்கலாம் அல்லவா? இந்தத் தாள்கள் அவருடைய இறப்புக்குப் பின் 1672-ல் நூலாக அச்சேறின. 1923-ல் திருத்தந்தை பதினோராம் பயஸ் அவரைக் கத்தோலிக்க எழுத்தாளர்களுக்குப் பாதுகாவலராக அறிவித்தார்.

1598-க்குள் ஷாப்லே மக்களில் பெரும்பான்மையினர் திருச்சபைக்குத் திரும்பினர். அதில் சவோய் கோமகனின் அதிகாரத்துக்கும் பெரிய பங்கு இருந்தது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. அரசரின் ஆணைக்குப் பணிந்தவர்களும் உண்டு. அந்த அரசரின் உதவியைச் சலேசியாரே கேட்டதும் உண்டு. அது அந்தக் காலத்தின் வழக்கம். இன்று நமக்கு அது மாதிரி ஆகாது.

ஆனால் அரசரின் கை எட்டாத ஓர் இடமும் இருந்தது. திருத்தந்தை எட்டாம் கிளமெண்டின் விருப்பப்படி, 1597-ல் அவர் ஜெனீவாவுக்கே போனார். கால்வினுக்குப் பின் அந்தச் சபையை வழிநடத்திய தியோடர் பெசாவை அவருடைய வீட்டிலேயே சந்தித்தார். பெசாவுக்கு அப்போது 80 வயதை நெருங்கிக்கொண்டிருந்தது, நம்மவருக்கு 30. ஒருமுறைக்கு மேல் சந்தித்தார்கள், மரியாதையோடு பேசினார்கள். பெசா மனம் மாறவில்லை. 1605-ல் தம் சபையிலேயே இறந்தார். மறைபரப்புக் கணக்கில் இது தோல்விதான். ஆனாலும், சலேசியாரின் வாழ்வில் நம்மை அதிகம் தொடுவது இதுதான். அந்தக் கதவை அவர் தட்டினார். திறந்தவரை அவமதிக்காமல் திரும்பினார்.

பல ஆண்டுகளுக்கு முன் நம் பங்கு இல்லத்துக்கும் ஒரு இளைஞர் தாளோடு வந்தார். மாதாவைப் பற்றிக் கேட்டார். நாம் கோபமாகப் பேசி அனுப்பிவிட்டோம். அவர் தெருமுனையைத் தாண்டிய பிறகுதான், அவருடைய கேள்விக்கு ஒழுங்கான பதில் நம்மிடம் தயாராக இல்லை என்பது உறைத்தது. குருமடத்தில் படித்தது இருக்கத்தான் செய்தது. அதைச் சாதாரணச் சொற்களில் சொல்லிப் பழகவில்லை. கோபம் அந்த இடத்தை நிரப்பியது.

சலேசியாருக்கும் இயல்பிலேயே முன்கோபம் உண்டு. சாந்தத்தை அவர் ஆண்டுக்கணக்கில் முயன்று கற்றுக்கொண்டார். 1602-ல் ஜெனீவா ஆயரானார். ஆனால் அந்த நகருக்குள் குடியேற முடியாமல் அன்சி என்ற ஊரில் வாழ்ந்தார். அங்கே, காது கேளாத, பேச முடியாத மார்ட்டின் என்பவரைத் தம் இல்லத்தில் வைத்து, சைகைகளாலேயே மறைக்கல்வி கற்பித்து, நற்கருணை வாங்கச் செய்தார். பெரிய அறிஞரான பெசாவிடம் காட்டிய அதே பொறுமையை இவரிடமும் காட்டினார். 1622 டிசம்பர் 28 அன்று லியோன் நகரில் இறந்தார்.

நம் பங்கில் இப்போது வியாழன் மாலைத் திருப்பலிக்குப் பின் விவிலியத்தையும் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலையும் சேர்த்து வாசிக்கிறோம். முதல் வாரம் பதினொரு பேர் வந்தார்கள். உத்தரிக்கிற ஸ்தலம் பற்றி ஒரு தாய் கேட்ட கேள்விக்கு நம்மால் முழுதாகப் பதில் சொல்ல முடியவில்லை. படித்துவிட்டு அடுத்த வாரம் சொல்வதாகக் கூறியிருக்கிறோம்.