மாடுங்காவின் சாய ரசாயனி: டாக்டர் கே. வெங்கடராமன்

டிராம்பேயிலும் செம்பூரிலும் குடியிருக்கும் நாம் மாடுங்காவுக்குப் போனால் ஆஸ்திக சமாஜத்தில் தரிசனம், கிங்ஸ் சர்க்கிளில் காபி, வாழை இலை, கறிவேப்பிலை என்று வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவோம். அதே மாடுங்காவில், பழைய பம்பாய்க்காரர்கள் யு.டி.சி.டி. என்று சொல்லும் ரசாயனத் தொழில்நுட்பக் கல்விக்கூடமும் இருக்கிறது. அதை 19 வருஷம் தலைமையேற்று வளர்த்தவர் மதராஸில் பிறந்த டாக்டர் கே. வெங்கடராமன்.

நான் ரசாயனம் படித்த காலத்தில் 'பேக்கர்–வெங்கடராமன் மாற்றம்' என்ற பெயரைப் புத்தகத்தில் பார்த்திருக்கிறேன். வெள்ளைக்காரர் பெயர்களாகவே இருந்த பாடத்தில் நம்மூர்ப் பெயர் ஒன்று கண்ணில் பட்டதில் ஒரு சந்தோஷம், அவ்வளவுதான். உத்தியோக நிமித்தம் டிராம்பேக்கு மாற்றலாகி வந்து, ஆலைகளில் வேலை பார்க்கும் யு.டி.சி.டி. மாணவர்களோடு பழகிய பிறகே அவரைப் பற்றி விவரமாகத் தெரிந்துகொண்டேன்.

பிறந்தது 1901 ஜூன் 7. தகப்பனார் சிவில் இன்ஜினீயர். பிரஸிடென்ஸி கல்லூரியில் எம்.ஏ. முடித்து, மதராஸ் அரசின் உதவித்தொகையில் மான்செஸ்டர் போனார். அங்கே பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ராபர்ட் ராபின்சனிடம் ஆராய்ச்சி. திரும்பி வந்து பெங்களூரில் சிறிது காலம், பிறகு லாகூர் ஃபார்மன் கிறிஸ்டியன் கல்லூரியில் ஆசிரியர் வேலை.

பெயர் வாங்கித் தந்த வினை லாகூரில் நடந்தது. பூக்களின் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பொருள்களில் ஃபிளேவோன் ஒரு வகை. அதைச் செயற்கையாகச் செய்ய வேண்டும். ஆர்த்தோ ஹைட்ராக்ஸி அசிட்டோஃபீனோனை பென்சாயில் குளோரைடுடன் சேர்த்து எஸ்டராக்கி, அதில் காரம் சேர்த்தால், ஆக்சிஜனோடு ஒட்டியிருந்த பென்சாயில் தொகுதி அங்கிருந்து கிளம்பிப் பக்கத்துக் கார்பனில் போய் உட்கார்ந்துகொள்கிறது. பிறகு அமிலத்தில் சூடாக்க வளையம் மூடி ஃபிளேவோன் கிடைக்கிறது. மாணவர் மஹாலுடன் சேர்ந்து 1933-ல் இதை வெளியிட்டார். அதே வருஷம் ஆக்ஸ்ஃபோர்டில் வில்சன் பேக்கரும் தனியாகக் கண்டு எழுதினார். அதனால்தான் இரட்டைப் பெயர்.

1934-ல் பம்பாய்க்கு ரீடராக வந்தார். 1938-ல் அந்தத் துறையின் முதல் இந்திய டைரக்டர் ஆனார். 1943-ல் துறை மாடுங்காவுக்குக் குடிபெயர்ந்தது. அக்கால நிலைமையை நினைத்துப் பார்க்க வேண்டும். உலகத்துக்கே அவுரி நீலம் கொடுத்த தேசம் நம்முடையது. 1897-ல் ஜெர்மானியர்கள் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்ததும் அவுரி சாகுபடி சரிந்தது. பம்பாய், அகமதாபாத் மில் துணிகளுக்கு ஜெர்மனியிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் சாயம் வர வேண்டியிருந்தது. யுத்த காலத்தில் கப்பல் வராவிட்டால் திண்டாட்டம்தான். இந்த நிலை மாற வேண்டுமானால் முதலில் சாயம் செய்யத் தெரிந்த ஆட்கள் வேண்டும். அவர்களை உருவாக்கிய முக்கியமான இடம் மாடுங்கா.

1952-ல் நியூயார்க்கில் அச்சான அவருடைய 'செயற்கைச் சாயங்களின் ரசாயனம்' இரண்டு தொகுதிகள், சுமார் 1,400 பக்கம். அயல்நாட்டுக் கம்பெனிகள் பேடண்டுகளில் பொத்திப் பொத்தி வைத்திருந்ததையெல்லாம் வகைப்படுத்தி எழுதிவிட்டார். என் அபிப்பிராயத்தில் லாகூர் வினையைவிட இதுவே பெரிய காரியம். வினை அவர் இல்லாவிட்டாலும் பேக்கர் பெயரில் வந்திருக்கும். இந்தப் புத்தகத்துக்கு அப்படி ஒரு மாற்று இல்லை.

இயற்கைச் சாயங்களையும் அவர் விடவில்லை. பலா மரத்து வைரக் கட்டையின் மஞ்சளையும், அரக்குப் பூச்சியின் சிவப்பையும் பிரித்து அவற்றின் அமைப்பைக் கண்டறிந்தார்கள் அவரும் மாணவர்களும். தஞ்சாவூர் வீணைக்கு உபயோகிக்கும் அதே பலா என்பதை நம் வீட்டுப் பெண்களுக்குச் சொல்லலாம்!

1957-ல் புனே தேசிய ரசாயன ஆய்வுக்கூடத்துக்கு முதல் இந்திய டைரக்டராகப் போனார். 1961-ல் பத்மபூஷண். 1966-ல் ஓய்வு பெற்றபோது அந்த நாற்காலியில் அமர்ந்தவர் மாடுங்காவில் அவரிடம் படித்த டாக்டர் பி.டி. திலக். பொருளாதார வரலாற்று ஆசிரியை தர்மா குமார் இவருடைய புதல்வி.

ஓய்வுக்குப் பிறகு கோயில் குளம் என்று போகிற வயதில் மறுபடி சாயப் புத்தகத்தைக் கையில் எடுத்தார். பல தேசத்து நிபுணர்களை எழுதவைத்து, தாமே பதிப்பாசிரியராக இருந்து, 1970-ல் மூன்றாம் தொகுதியைக் கொண்டுவந்தார். எட்டாவது தொகுதி 1978-ல், அவருடைய 77-வது வயதில் வெளிவந்தது. 1981 மே மாதம் காலமானார்.