கடாரம் கொண்ட ராஜேந்திர சோழன்



கோத்தா கோலா மூடா பக்கம் இருப்பவர்களுக்கு ஜெராய் மலை தினமும் பார்க்கிற மலை. பழங்காலத்துக் கப்பல்காரர்களுக்கு அதுதான் அடையாளம். மலை தெரிந்தால் கடாரம் வந்தாச்சு என்று பாயை இறக்குவார்கள். கடாரம் வேறே எதுவுமில்லை, நம்ம கெடாதான்.

அந்தக் கடாரத்தின் பேரைத் தன் பேரோடு சேர்த்துக்கொண்ட மன்னன் ராஜேந்திர சோழன். தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய ராஜராஜனின் மகன். 1012-ல் தகப்பனோடு சேர்ந்து ஆட்சியில் உட்கார்ந்தார். 1014 முதல் தனி அரசர். ஈழம் முழுவதையும் பிடித்தார். அவர் படை வடக்கே கங்கை வரை போய் வந்தது. அந்த வெற்றிக்காகக் கங்கைகொண்ட சோழபுரம் என்று புதுத் தலைநகரமே எழுப்பி, பெரிய ஏரியும் வெட்டினார்.

சோழர் படையில் வில்லாளிகள், வாள்வீரர், யானைப்படை, குதிரைப்படை என்று தனித்தனிப் பிரிவுகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் தனிப் பேர் உண்டு. ஆனால் 1025-ல் அவர் கையில் எடுத்த பெரிய ஆயுதம் கப்பல்தான். கடல் தாண்டி ஸ்ரீவிஜயப் பேரரசின் மேல் படை அனுப்பினார். ஒரு ஊரோடு நிற்கவில்லை. ஸ்ரீவிஜயம், மலையூர், இலங்காசோகம், நக்கவாரம், கடைசியில் கடாரம் என்று பதின்மூன்று இடங்களைத் தஞ்சைக் கல்வெட்டு வரிசையாகச் சொல்கிறது. கப்பல் வியாபாரம் நடக்கிற துறைமுகங்களை அடித்துவிட்டால் பேரரசின் மூச்சே திணறிப்போகும் இல்லையா? கடாரத்து அரசன் சங்கிராம விஜயோத்துங்க வர்மன் தன் யானைகளோடு பிடிபட்டான். வித்யாதர தோரணம் என்ற போர்வாசலும், மணி பதித்த கதவுகளும் சோழர் கைக்கு வந்தன.

இதைக் கேட்டதும் நமக்கு நெஞ்சு நிமிரும். நிமிரட்டும். ஆனால் இன்னொன்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லணும். அதற்கு இருபது வருஷம் முன்னால் இதே கடாரத்து அரசகுலம் நாகப்பட்டினத்தில் புத்த விகாரம் கட்டியபோது, ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரையே அதற்கு மானியமாகக் கொடுத்தார். நேற்றைக்கு நண்பன், இன்றைக்கு எதிரி. சண்டை முடிந்த பிறகு சோழர் இங்கே நிலையாக உட்கார்ந்து ஆளவுமில்லை. 1044-ல் ராஜேந்திரர் மறைந்தார். 1090-ல் கடாரத்துத் தூதர்கள் மறுபடியும் சோழர் சபைக்கு வந்து, அந்த விகாரத்துக்காகவே பேசினார்கள். வாள் பிரித்ததை வியாபாரமும் கோயிலும் ஒட்டவைத்தன.

இன்றைக்கு அந்தக் காலத்துக்குச் சாட்சி பூஜாங் பள்ளத்தாக்கின் கற்கள்தான். புக்கிட் பத்து பகாட் கோயிலின் அடித்தளத்தை மெர்போக்கில் பார்க்கலாம். நம்ம ஊர்ப் பக்கத்துச் சுங்கை மாஸிலும் பழம்பொருள்கள் கிடைத்திருக்கின்றன. ஆனால் 2013-ல் அந்தப் பள்ளத்தாக்கில் ஒரு பழைய கோயில் மேடையை மண்வாரி இயந்திரம் இடித்துத் தள்ளியது. ஆயிரம் வருஷம் நின்றது, போன பிறகுதான் சத்தம் போட்டோம்.

நாம் பால்மரம் வெட்ட வந்தவர்கள் மட்டும்தான் என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டு வளரக் கூடாது. அடுத்த லீவு நாளில் மெர்போக் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். பஸ் காசு வீணாகாது.