மோட்டார் சைக்கிளை விற்ற விமானி



காயல்பட்டினத்துப் பழைய பள்ளிவாசல்களில் அரபு எழுத்துகள் பொறித்த மீசான் கற்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பிரான்சு நாட்டில் எஸ்தெவெல் என்ற சிற்றூரின் கல்லறைத் தோட்டத்திலும் ஒரு கல் இருக்கிறது. அதில் வங்காள எழுத்துகள்! யாருடைய கல்லறை தெரியுமா? இந்திரலால் ராய் என்ற 19 வயது இந்திய விமானியுடையது.

அவர் 1898 டிசம்பர் 2ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். வீட்டில் அவரை 'லாடி' என்று அழைப்பார்கள். படித்தது லண்டனில். 1914இல் எம்டன் கப்பல் சென்னையில் குண்டு வீசியதே, அந்த முதல் உலகப் போர் நடந்த காலம். பள்ளிப் படிப்பு முடியும் தறுவாயில் விமானப் படைக்கு விண்ணப்பித்தார். கண் பார்வை சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். லாடி என்ன செய்தார் தெரியுமா? தம் மோட்டார் சைக்கிளை விற்று, அந்தப் பணத்தில் பெரிய கண் மருத்துவர் ஒருவரிடம் மறுபடி பரிசோதித்துக்கொண்டார். பார்வை நன்றாகவே இருந்தது! 1917இல் படையில் இடம் கிடைத்தது.

அந்த ஆண்டு டிசம்பரிலேயே அவருடைய விமானம் விழுந்து நொறுங்கியது. இறந்துவிட்டார் என்று பிணவறையில் போட்டுவிட்டார்களாம்; நினைவு திரும்பிக் கதவைத் தட்டினாராம். இப்படி ஒரு கதை சொல்வார்கள். இனிப் பறக்கத் தகுதியில்லை என்றனர் மருத்துவர்கள். படுக்கையில் கிடந்தபடியே விமானப் படங்கள் வரைந்தார். விடாமல் கேட்டுக் கேட்டு, 1918 ஜூனில் போர்முனைக்குத் திரும்பினார்.

அக்கால விமானம் மரச் சட்டத்தின் மேல் துணி போர்த்தியது. பிரிட்டிஷ் விமானிகளுக்குப் பாராசூட்டும் கிடையாது. தீப்பிடித்தால் தப்ப வழியில்லை! அதில்தான் ஜூலை 6 முதல் 19 வரை, இரண்டே வாரத்தில், 10 எதிரி விமானங்களை வீழ்த்திய கணக்கு இவர் பெயரில் ஏறியது. எதிர்ப்பக்கம் பறந்தவர்களும் பெரும்பாலும் இவர் வயதுப் பையன்கள்தான். போர் என்றால் அதுதான், பிள்ளைகளே.

ஜூலை 22ஆம் நாள், கார்வின் என்ற ஊருக்கு மேலே நடந்த வான்சண்டையில் லாடியின் விமானம் தீப்பற்றி விழுந்தது. இருபதாம் பிறந்த நாளுக்கு இன்னும் நான்கு மாதத்துக்குமேல் இருந்தது. போர் அந்த நவம்பரில் முடிந்துவிட்டது.

அவர் மறைந்த பிறகு 'டிஸ்டிங்விஷ்டு ஃப்ளையிங் கிராஸ்' என்ற வீரப் பதக்கம் அறிவிக்கப்பட்டது. அதைப் பெற்ற முதல் இந்தியர் இவரே. அவருக்கு மருமகன் முறையான சுப்ரதோ முகர்ஜிக்கு அப்போது வயது ஏழு. அந்தச் சிறுவன்தான் பின்னாளில், 1954இல், இந்திய விமானப் படையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதி ஆனார்.

1998இல், லாடி பிறந்த நூற்றாண்டில், நம் தபால் துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. வீட்டில் யாராவது தபால்தலை சேர்ப்பவர்கள் இருந்தால், ஆல்பத்தில் தேடிப் பாருங்களேன்!