4 குண்டில் போன மெடல்... 4 வருஷம் கழிச்சு வந்த தங்கம்! - பயாத்லான் நாயகன் மெலானின் கதை

மூச்சு வாங்க நாலு மாடி ஏறிட்டு, நின்ன இடத்துலயே ஊசியில நூல் கோத்துப் பாருங்க. கை நடுங்கும், நூல் நுனி ஊசிக்காதைச் சுற்றிச் சுற்றி வரும். பயாத்லான் கிட்டத்தட்ட இதுதான். முதுகில் ரைஃபிளை மாட்டிக்கொண்டு பனிச்சறுக்கில் கிலோமீட்டர் கணக்கில் விரட்ட வேண்டும். நடுவில் நின்று, படபடக்கிற நெஞ்சை அடக்கிக்கொண்டு டார்கெட்டைச் சுட வேண்டும். சுட்டு முடித்ததும் மறுபடி ஓட்டம்.

இதில் ரஷ்யாவின் முதல் சூப்பர் ஸ்டார், விளாதிமிர் மெலானின். (ஸ்கின் கேர் ரீல்ஸில் வருகிற மெலனினுக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை மக்களே!) 1933-ல், மாஸ்கோவுக்கு வடகிழக்கே உள்ள கிரோவ் பகுதியில் பிறந்தவர். குளிர்காலம் முழுக்க பனி மூடிக்கிடக்கிற ஊர்ப்பக்கம் அது.

பயாத்லானுக்கு உலக சாம்பியன்ஷிப் தொடங்கியதே 1958-ல்தான். அடுத்த வருஷமே, இத்தாலியின் கூர்மாயரில் மெலானின் உலக சாம்பியன். வயது 25. அதனால், 1960 ஒலிம்பிக்கில் முதல்முறையாக பயாத்லானைச் சேர்த்தபோது, தங்கத்துக்கு இவர்மேல் பெரிய எதிர்பார்ப்பு.

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், ஸ்க்வா வேலி. மொத்தம் 30 பேர். 20 கிலோமீட்டர் தூரம், நாலு இடத்தில் அஞ்சஞ்சு குண்டு, ஆக 20 ஷாட். இன்றைக்கு மாதிரி 50 மீட்டரில் சின்ன ரைஃபிள் கிடையாது. அது ராணுவ ரக ரைஃபிள், டார்கெட்டோ 100 மீட்டரிலிருந்து 250 மீட்டர் வரைக்கும். குறி தப்பினால்தான் நிஜமான அடி. ஒரு குண்டுக்கு 2 நிமிடத்தை உங்கள் நேரத்தில் சேர்த்துவிடுவார்கள்.

பனியில் மெலானின் எடுத்துக்கொண்டது 1 மணி 27 நிமிடம் 42 விநாடி. ஆனால் 4 குண்டு தப்பிவிட்டது. கூடுதலாக 8 நிமிடம். ஸ்வீடனிலிருந்து வந்த தச்சர் கிளாஸ் லெஸ்டாண்டர், ஓட்டத்தில் மெலானினைவிட அஞ்சரை நிமிடத்துக்கும் மேல் பின்னால் இருந்தவர். ஆனால் 20-க்கு 20 சுட்டார். தங்கம் அவருக்கு. பனியில் மெலானினைவிட மெதுவாக வந்த சக சோவியத் வீரர் அலெக்ஸாண்டர் ப்ரிவலோவ்கூட, ஒரு குண்டு குறைவாகத் தப்பவிட்டதால் வெண்கலம் வாங்கினார். மெலானின் நாலாவது. கையில் ஒண்ணுமில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தால் வயிறு எரியும். ஒரே ஒரு குண்டு கூடுதலாகப் பட்டிருந்தால் வெள்ளி. ரெண்டு பட்டிருந்தால் தங்கம்!

(இவராவது பரவாயில்லை. அந்த ரேஸிலேயே பனியில் ஆக வேகமாக ஓடியவர், பிரான்ஸின் விக்டர் ஆர்பே. 20-ல் 18-ஐ விட்டுவிட்டார். 36 நிமிடம் எக்ஸ்ட்ரா!)

இப்போதைய வீரர்களுக்கு உலகக்கோப்பை, ஸ்பிரின்ட், ரிலே என்று சீசன் முழுக்க ரேஸ் இருக்கிறது. இந்த வாரம் சொதப்பினால் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். மெலானின் காலத்தில் உலகக்கோப்பையே கிடையாது. உலக சாம்பியன்ஷிப்பிலும் தனிநபருக்கு ஒரே ஒரு ரேஸ்தான். கை நடுங்கினால் அந்த வருஷமே போச்சு. 1961-லும் பட்டம் கைக்கு வரவில்லை, ஃபின்லாந்தின் ஹூஸ்கோனன் தட்டிக்கொண்டு போனார். என்னைக் கேட்டால், மெலானினுடைய பெரிய சாதனை அந்த ரெண்டு வருஷத்தைத் தாண்டி வந்ததுதான். 1962-ல் ஃபின்லாந்திலேயே, ஹாமீன்லின்னாவில், மறுபடி உலக சாம்பியன். 1963-ல் ஆஸ்திரியாவின் ஸீஃபெல்டில் மூன்றாவது முறை.

அடுத்த ஒலிம்பிக்கும் அதே ஸீஃபெல்டில்தான் அமைந்தது. 1964, இன்ஸ்ப்ரூக் ஒலிம்பிக். அந்த வருஷம் ஆஸ்திரியாவில் பனிக்கே பஞ்சம். ராணுவ வீரர்கள் மலைமேலிருந்து பனியை அள்ளிக்கொண்டு வந்து கொட்ட வேண்டிய நிலைமை. மெலானினுக்கு அப்போது 30 வயது.

முதல் அஞ்சும் பட்டது. அடுத்த அஞ்சும், அதற்கடுத்த அஞ்சும் பட்டது. கடைசி அஞ்சு, நின்றுகொண்டு சுட வேண்டியது. இருப்பதிலேயே கஷ்டமானது அதுதான், ரைஃபிளைத் தாங்க தரை கிடையாது, கை மட்டும்தான். அதுவும் பட்டது. 20-க்கு 20!

நேரம் 1 மணி 20 நிமிடம் 26.8 விநாடி. சேர்க்க ஒரு விநாடிகூட இல்லை. வெள்ளி வாங்கியவர் அதே ப்ரிவலோவ், 3 நிமிடம் 15 விநாடிக்கு மேல் பின்னால். அதாவது, மெலானின் ஒரு குண்டைத் தப்பவிட்டிருந்தாலும் தங்கம் அவருக்குத்தான். ஆனால் ரேஸ் நடக்கும்போது அது அவருக்கு எப்படித் தெரியும்?

அதற்குப் பிறகு நார்வே வீரர்களின் காலம். 1965-ல் ஓலாவ் யோர்தெட், 1966-ல் யோன் இஸ்தாத் என்று உலகப் பட்டம் அந்தப் பக்கம் போய்விட்டது. பெரிய ரைஃபிளும் 250 மீட்டர் டார்கெட்டும் 1970-களின் கடைசியில் விடைபெற்றன. 20 கிலோமீட்டரில் குறி தப்பினால் இப்போது 1 நிமிடம்தான் அபராதம். மெலானின் 1994-ல், கிரோவ் நகரில் காலமானார்.