பஞ்சாலைத் தொழிலாளி சாண்டோ ஆனார்!

திண்டிவனம் கடைத்தெருவில் கேட்டாலும் சரி, இரும்பை போன்ற சிற்றூரில் கேட்டாலும் சரி. கையில்லாத பனியனுக்குச் சாண்டோ பனியன் என்றுதான் பெயர் சொல்வார்கள்.

சாண்டோ என்பது ஒரு மனிதரின் பெயர் என்பது உங்களுக்குத் தெரியுமா?

யூஜின் சாண்டோ ஒரு ஜெர்மன் பயில்வான். 1867-ம் ஆண்டு பிறந்தவர். 1889-ல் லண்டன் மேடையில் பெயர் பெற்ற ஒரு பலசாலியைத் தோற்கடித்தார். ஒரே நாளில் புகழ் அடைந்தார். 1901-ல் அதே நகரில் ஆணழகன் போட்டி ஒன்றை நடத்தினார். துப்பறியும் கதைகள் எழுதிய கானன் டாயில் அதற்கு ஒரு நீதிபதி! பிறகு சாண்டோ இந்தியாவுக்கும் வந்தார். ஊர் ஊராகத் தம் பலத்தைக் காட்டினார்.

அதன் பிறகு, உடம்பை வளர்த்தவர்களுக்கெல்லாம் நம் நாட்டில் சாண்டோ என்பது பட்டமாகிவிட்டது. தமிழ்நாட்டில் அந்தப் பட்டத்தால் மிகவும் புகழ் பெற்றவர் ஒருவர் உண்டு. அவர்தான் சாண்டோ சின்னப்பா தேவர்.

9 ரூபாய் சம்பளம்

கோவையில் ராமநாதபுரம் என்ற பகுதி இருக்கிறது. அங்கே 1915-ம் ஆண்டு ஜூன் 28-ந் தேதி தேவர் பிறந்தார். தந்தை பெயர் அய்யாவு தேவர். தாயார் ராமாக்காள். வீட்டில் வறுமை. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது.

சிறுவன் சின்னப்பா பஞ்சாலையில் வேலைக்குச் சேர்ந்தான். சம்பளம் மாதம் 9 ரூபாய். பிறகு ஒரு மோட்டார் கம்பெனியில் சில காலம் வேலை. பால் வியாபாரம் செய்தார். அரிசிக் கடை வைத்தார். சோடாவும் விற்றார். எதிலும் செல்வம் சேரவில்லை.

ஆனால் ஒன்றை மட்டும் அவர் விடவில்லை. அது உடற்பயிற்சி!

நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு தேகப்பயிற்சிச் சாலை தொடங்கினார். அதன் பெயர் வீரமாருதி. மாருதி என்றால் அனுமார். பலத்துக்கும் பக்திக்கும் பெயர் போனவர் அல்லவா?

அந்தக் காலத்துப் பயிற்சிச் சாலைகளுக்குப் பெரிய செலவு கிடையாது. மண் தரை போதும். தண்டால், பஸ்கி எடுக்க ஒரு காசும் வேண்டாம். கர்லாக்கட்டை சுற்றத் தோளும் மணிக்கட்டும் உறுதிப்படும். குஸ்தியும் சிலம்பமும் கற்பவர்கள் உண்டு. சில இடங்களில் குத்துச்சண்டையும் பழகுவார்கள். வேண்டியது ஒன்றுதான். நாள் தவறாமல் வர வேண்டும்!

சண்டையில் கிடைத்த நண்பர்

அப்போது கோவையில் சினிமாப் படங்கள் தயாராகிக்கொண்டிருந்தன. தேவரின் கட்டுமஸ்தான உடம்பு அவருக்குச் சிறு வேடங்களை வாங்கித் தந்தது. பெரும்பாலும் கதாநாயகனோடு மோதும் வேடம்தான்.

1947-ல் ராஜகுமாரி வெளிவந்தது. எம்.ஜி.ஆர். கதாநாயகனாக நடித்த முதல் படம் அது. அதில் அவரோடு சண்டையிட்டவர் தேவர். இருவருக்கும் உடற்பயிற்சியில் ஆசை. திரையில் அடித்துக்கொண்டவர்கள், வெளியே நெருங்கிய நண்பர்கள் ஆனார்கள்.

ஆயினும் அடி வாங்கும் வேடத்தால் எத்தனை நாள் குடும்பம் நடத்த முடியும்? வயது நாற்பதைத் தாண்டியது. உடம்பு இருந்தது, பணம் இல்லை. தேவர் துணிந்தார். 1956-ல் சொந்தமாகப் படம் எடுத்தார். படத்தின் பெயர் தாய்க்குப்பின் தாரம். கதாநாயகன் எம்.ஜி.ஆர். இயக்கியவர் தேவரின் தம்பி திருமுகம். படம் வெற்றி பெற்றது.

பிறகு நண்பர்களுக்குள் பிணக்கு வந்தது. சில ஆண்டுகள் சேர்ந்து படம் எடுக்கவில்லை. 1961-ல் தாய் சொல்லைத் தட்டாதே படத்தில் மீண்டும் கைகோத்தார்கள். மொத்தம் 16 படங்கள்! எம்.ஜி.ஆரை வைத்து இத்தனை படம் எடுத்தவர் வேறு யாரும் இல்லை.

நாள் தவறாத மனிதர்

பூஜை போடும் அன்றே படம் வெளியாகும் நாளைச் சொல்லிவிடுவார். சொன்ன நாளில் படம் வரும். பேசிய சம்பளத்தைப் பாக்கி வைக்க மாட்டார். பயிற்சிச் சாலையில் பழகிய ஒழுங்கு, தொழிலிலும் அவருக்குக் கைகொடுத்தது.

1971-ல் யானையை வைத்து ஹாத்தி மேரே சாத்தி என்ற இந்திப் படம் எடுத்தார். வடநாடே திரண்டு வந்து பார்த்தது. ஐந்தாம் வகுப்புப் படித்த பஞ்சாலைத் தொழிலாளியின் பெயர் பம்பாய் வரை பரவியது.

பணம் வந்தபோது அவர் மருதமலை முருகனை மறக்கவில்லை. அந்தக் கோயிலுக்குத் திருப்பணிகள் செய்தார். நெற்றி நிறையத் திருநீறோடு கடைசி வரை எளிமையாகவே இருந்தார். 1978-ம் ஆண்டு செப்டம்பரில், 63-வது வயதில் காலமானார்.

தேவருக்குத் தகப்பனார் சொத்து வைக்கவில்லை. பள்ளிக்கூடமும் பட்டம் தரவில்லை. வேலை முடிந்த நேரத்தில், மண் தரையில், வியர்வை சிந்திச் சேர்த்த பலம்தான் அவருடைய முதல். அதைக் கொண்டுதான் நண்பரைப் பெற்றார்; தொழிலைப் பெற்றார்; பெயரையும் பெற்றார்.

உங்கள் வீட்டுப் பிள்ளை விடியற்காலையில் எழுந்து கொல்லைப்புறத்தில் தண்டால் எடுக்கிறானா? வீண் வேலை என்று தடுக்காதீர்கள். அவனுக்கு ஒரு குவளை பால் கொடுங்கள்!