கென் சாரோ-விவா

கென் சாரோ-விவா (அக்டோபர் 10, 1941 – நவம்பர் 10, 1995) நைஜீரியாவைச் சேர்ந்த எழுத்தாளர், தொலைக்காட்சித் தொடர் தயாரிப்பாளர், சுற்றுச்சூழல் செயற்பாட்டாளர் ஆவார். இவரது முழுப்பெயர் கெனுலே பீசன் சாரோ-விவா. நைஜர் ஆற்றின் கழிமுகப் பகுதியில் எண்ணெய் எடுத்துவந்த ஷெல் நிறுவனத்தையும் அதற்குத் துணைநின்ற இராணுவ அரசையும் எதிர்த்து, ஓகோனி இன மக்களின் வன்முறையற்ற போராட்டத்தை வழிநடத்தியவர். கொலையைத் தூண்டினார் என்ற குற்றச்சாட்டின் பேரில் சிறப்புத் தீர்ப்பாயம் ஒன்று இவருக்கு மரணதண்டனை விதித்தது. இவரும் தோழர்கள் எட்டுப் பேரும் ஒரே நாளில் தூக்கிலிடப்பட்டனர். இவர்கள் ஓகோனி ஒன்பதின்மர் என்று அழைக்கப்படுகின்றனர்.

இவர்களைத் தண்டித்தது அரசு. எண்ணெய் நிறுவனத்துக்கு அதில் எவ்வளவு பங்கு இருந்தது என்னும் கேள்வி அதன்பின் கால் நூற்றாண்டுக்கு மேலாக அமெரிக்க, நெதர்லாந்து நீதிமன்றங்களில் எழுப்பப்பட்டது.

இளமை

சாரோ-விவா ஓகோனி நிலப்பகுதியில் உள்ள போரி என்னும் ஊரில் பிறந்தார். தந்தை ஜிம் விவா ஊர்த்தலைவர்களுள் ஒருவர். நூறு வயதைத் தாண்டி வாழ்ந்த அவர், மகன் தூக்கிலிடப்பட்ட பிறகும் பத்தாண்டுகள் உயிரோடிருந்தார். படிப்பில் சிறந்து விளங்கிய சாரோ-விவா உதவித்தொகை பெற்று உமுவாகியா அரசுக் கல்லூரியில் பயின்றார். பின்னர் இபாதான் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் கற்றார்.

1967 இல் பியாஃப்ரா போர் வெடித்தது. கிழக்கு நைஜீரியாவில் இக்போ மக்கள் பெரும்பான்மையினர், ஓகோனிகளோ சிறுபான்மையினர். பிரிவினை வெற்றிபெற்றால் தம் மக்கள் மேலும் நசுங்குவர் என்று கருதிய சாரோ-விவா நடுவண் அரசின் பக்கம் நின்றார். பொன்னி துறைமுகத்தின் நிர்வாகியாகவும், பின்னர் ரிவர்சு மாநிலத்தின் ஆணையராகவும் (அமைச்சர் நிலைப் பதவி) பணியாற்றினார். ஓகோனி தன்னாட்சியை ஆதரித்ததால் 1973 இல் பதவி நீக்கப்பட்டார். பிற்காலத்தில் தாம் எதிர்த்துப் போராடிய அரசுக்கு இவர் ஒரு காலத்தில் பணிபுரிந்தவர் என்பதை இவரைப் போற்றி எழுதுவோர் பலரும் விரைந்து கடந்து விடுகின்றனர். அந்த ஆட்சி எவ்வாறு இயங்குகிறது என்பதை இவர் உள்ளிருந்தே அறிந்தது அக்காலத்தில்தான்.

எழுத்துப் பணி

பதவி இழந்தபின் மளிகை வணிகத்திலும் வீட்டுமனைத் தொழிலிலும் ஈடுபட்டுப் பொருள் ஈட்டினார். அப்பணத்தைக் கொண்டு சொந்தப் பதிப்பகம் ஒன்றை நிறுவினார். 1985 இல் வெளிவந்த சோசாபாய் என்னும் புதினம் இவரது படைப்புகளுள் தலைசிறந்ததாகக் கருதப்படுகிறது. சீருடையின் கவர்ச்சியில் மயங்கிப் படையில் சேரும் ஒரு கிராமத்து இளைஞனின் கதை அது. இலக்கண ஆங்கிலத்தில் அன்றி, நைஜீரியத் தெருக்களில் பேசப்படும் உடைந்த ஆங்கிலத்தைக் கொண்டே அதை எழுதினார். வட்டார வழக்கில் எழுதப்பட்ட தமிழ்ப் புதினங்களை அறிந்த வாசகர்களுக்கு இம்முயற்சியின் அருமை எளிதில் விளங்கும்.

1985 முதல் 1990 வரை ஒளிபரப்பான பாசி அண்ட் கம்பெனி என்னும் நகைச்சுவைத் தொடர் இவரை நாடறியச் செய்தது. உழைக்காமல் செல்வந்தராகத் துடிக்கும் லாகோசு நகரத்து மனிதர்களைப் பற்றிய அத்தொடரை ஏறத்தாழ மூன்று கோடிப் பேர் பார்த்ததாகக் கணிக்கப்படுகிறது. எண்ணெய்ப் பணம் ஒரு நாட்டின் மனநிலையை எவ்வாறு கெடுக்கும் என்பதே அதன் அடிப்படைக் கருத்தாகும்.

ஓகோனி நிலமும் எண்ணெயும்

ஓகோனி நிலப்பகுதியின் பரப்பளவு சுமார் 1000 சதுர கிலோமீட்டர் ஆகும். பெருநகர சென்னை மாநகராட்சியையும், சிட்லபாக்கத்தை உள்ளடக்கிய தாம்பரம் மாநகராட்சியையும் சேர்த்தால் வரும் பரப்பைப் போல் இது ஏறக்குறைய இரண்டு மடங்கு. 1990களின் தொடக்கத்தில் அங்கு சுமார் ஐந்து இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். கிழங்குப் பயிர்ச்செய்கையும் உப்பங்கழி மீன்பிடியும் அவர்களது தொழில்கள்.

1958 இல் அங்கு எண்ணெய் கண்டறியப்பட்டது. கிணறுகளும் குழாய்களும் வயல்களின் ஊடாகவும் வீடுகளின் அருகிலும் அமைக்கப்பட்டன. எண்ணெயுடன் வெளிவரும் எரிவாயுவைச் சேகரிப்பதை விட எரித்து விடுவது நிறுவனத்துக்குச் செலவு குறைவு என்பதால், ஊர்களுக்கு அருகில் இரவும் பகலும் தீப்பிழம்புகள் எரிந்தன. குழாய்கள் உடைந்து எண்ணெய் கசிந்தது. வருவாய் முழுவதும் நடுவண் அரசுக்கும் நிறுவனங்களுக்கும் சென்றது. ஓகோனி ஊர்களில் மின்சாரமும் குழாய்நீரும் அரிதாகவே இருந்தன.

மாசின் அளவு பிற்காலத்தில் அறிவியல் முறைப்படி அளக்கப்பட்டது. ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2011 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, நிசிசியோகென் ஒகாலே என்னும் ஊரின் குடிநீர்க் கிணறுகளில் புற்றுநோய் விளைவிக்கும் பென்சீன், உலக சுகாதார அமைப்பின் வரம்பைப் போல் 900 மடங்குக்கு மேல் இருந்தது. (அவ்வூரின் அருகே செல்வது நைஜீரிய அரசு எண்ணெய் நிறுவனத்தின் குழாய், மாசுக்கு ஷெல் மட்டுமே காரணம் அன்று.) நிலத்தை மீட்க 25 முதல் 30 ஆண்டுகள் வரை ஆகும் எனவும், முதற்கட்டப் பணிக்கே 100 கோடி டாலர் தேவை எனவும் அவ்வறிக்கை மதிப்பிட்டது.

மோசோப் இயக்கம்

ஓகோனித் தலைவர்கள் 1990 இல் ஓகோனி உரிமைச் சாசனத்தை வெளியிட்டனர். அரசியல் தன்னாட்சி, எண்ணெய் வருவாயில் நியாயமான பங்கு, நிலத்தைப் பாதுகாக்கும் உரிமை ஆகியவை அதன் கோரிக்கைகள். இதற்கென உருவான ஓகோனி மக்கள் வாழ்வுரிமை இயக்கம் சுருக்கமாக மோசோப் எனப்படுகிறது. சாரோ-விவா அதன் பேச்சாளராகவும் பின்னர் தலைவராகவும் விளங்கினார். 1992 இறுதியில் ஷெல், செவ்ரான், நைஜீரிய அரசு எண்ணெய் நிறுவனம் ஆகியவற்றிடம் உரிமைத்தொகையாகவும் இழப்பீடாகவும் 1000 கோடி டாலர் கோரப்பட்டது.

1993 சனவரி 4 அன்று சுமார் மூன்று இலட்சம் பேர் கைகளில் பச்சைக் கிளைகளை ஏந்தி ஊர்வலம் சென்றனர். மொத்த மக்கள்தொகையில் பாதிக்கு மேற்பட்டோர் ஒரே நாளில் வீதிக்கு வந்தது வியப்புக்குரியது. வன்முறை எதுவும் நிகழவில்லை. அவ்வாண்டிலேயே ஷெல் அங்கு எண்ணெய் எடுப்பதை நிறுத்தியது.

இயக்கத்துக்குள் பிளவும் உண்டாயிற்று. 1993 ஜூன் மாதக் குடியரசுத் தலைவர் தேர்தலைப் புறக்கணிக்க சாரோ-விவா தரப்பு முடிவெடுத்தபோது மூத்த தலைவர்கள் சிலர் விலகினர். அத்தேர்தலையொட்டி இவர் கைதுசெய்யப்பட்டு ஒரு மாதத்துக்கு மேல் சிறையில் இருந்தார். நவம்பரில் ஜெனரல் சானி அபாச்சா ஆட்சியைக் கைப்பற்றினார்.

அடக்குமுறையில் ஷெல் நிறுவனத்தின் பங்கு

உடந்தை என்னும் சொல் இங்கு எதைக் குறிக்கிறது என்பதை விளங்கிக்கொள்ள உமுவெச்செம் என்னும் ஊரில் நிகழ்ந்ததிலிருந்து தொடங்க வேண்டும். அது ஓகோனி ஊர் அன்று. அதே மாநிலத்தில் எட்சே இனத்தவர் வாழும் ஊர். 1990 அக்டோபர் இறுதியில் அங்குப் போராட்டம் நிகழ்ந்தபோது, ஷெல் அலுவலர் ஒருவர் காவல்துறைக்குக் கடிதம் எழுதிப் பாதுகாப்புக் கேட்டார். கலகம் அடக்குவதில் கொடுமைக்குப் பெயர்பெற்ற நடமாடும் காவற்படையையே குறிப்பிட்டுக் கேட்டார். படை வந்தது. சுமார் 80 பேர் கொல்லப்பட்டனர்; 495 வீடுகள் அழிக்கப்பட்டன. அரசு அமைத்த விசாரணைக் குழுவே காவல்துறையைக் கண்டித்தது. பாதுகாப்புப் படையை அழைத்தால் என்ன நேரும் என்பது அதன்பின் நிறுவனம் அறியாத ஒன்றன்று.

ஆயினும் அழைப்புகள் தொடர்ந்தன. 1993 ஏப்ரல் இறுதியில் பியாரா என்னும் ஊரில் ஷெல் ஒப்பந்தக்காரரான வில்புரோஸ் நிறுவனம் அறுவடைக்கு நின்ற வயல்களை இடித்துக் குழாய் பதித்தது. எதிர்த்த மக்கள் மீது காவலுக்கு வந்த படையினர் சுட்டனர். ஒரு பெண் தம் கையை இழந்தார். அதே ஆண்டு அக்டோபரில் கொரோகொரோ என்னும் இடத்துக்கு இராணுவத்தினர் சென்றபோது ஷெல் போக்குவரத்து வசதி அளித்தது. அவர்களுக்குப் படியும் வழங்கியது. இதை நிறுவனம் பின்னர் ஒப்புக்கொண்டது. தன் நிலையங்களைக் காக்கும் காவலர்களுக்கு முன்னர் கைத்துப்பாக்கிகள் வாங்கித் தந்ததையும் 1996 இல் ஒப்புக்கொண்டது.

கொரோகொரோ சென்ற படைக்குத் தலைமை வகித்த மேஜர் பால் ஒகுன்டிமோ, 1994 சனவரியில் அமைக்கப்பட்ட உள்நாட்டுப் பாதுகாப்புச் சிறப்புப் படையின் தலைவரானார். 1994 மே 12 ஆம் நாளிட்டு அவர் பெயரில் எழுதப்பட்ட ஒரு குறிப்பு பின்னர் வெளியானது. ஈவிரக்கமற்ற இராணுவ நடவடிக்கை இன்றி எண்ணெய்ப் பணியை மீண்டும் தொடங்க இயலாது என்பது அதன் சாரம். இதற்குச் சில நாட்கள் முன்பு, ஏப்ரல் 30 அன்று, ஷெல் நைஜீரியத் தலைவர் பிரையன் ஆண்டர்சன் அபாச்சாவைச் சந்தித்து ஓகோனிச் சிக்கலையும் சாரோ-விவாவையும் பற்றிப் பேசினார். நிறுவனத்தின் சொந்த ஆவணங்களைக் கொண்டு பன்னாட்டு மன்னிப்பு அவை 2017 இல் இதை வெளிக்கொணர்ந்தது. மூன்று வாரங்களில் சாரோ-விவா கைதானார். வன்முறையைத் தூண்டியதாகவோ அதற்கு உதவியதாகவோ கூறப்படுவதை ஷெல் தொடர்ந்து மறுத்து வந்துள்ளது.

எண்ணெய்க் குழாயை எதிர்ப்போர் சிறைசெல்வது தமிழகத்துக்கும் புதிதன்று. 2017 ஜூன் 30 அன்று தஞ்சை மாவட்டம் கதிராமங்கலத்தில் ஓஎன்ஜிசி நிறுவனத்தின் குழாய் கசிந்ததைத் தொடர்ந்து போராடிய மக்கள் மீது காவல்துறை தடியடி நடத்தியது. பேராசிரியர் ஜெயராமன் உள்ளிட்டோர் பல வாரங்கள் சிறையில் இருந்தனர். எனினும் அங்கு வழக்கமான நீதிமன்றமும் பிணையும் இருந்தன. சாரோ-விவாவுக்கு இவ்விரண்டும் கிடைக்கவில்லை.

கைதும் விசாரணையும்

1994 மே 21 அன்று கியோகூ என்னும் ஊரில் ஓகோனித் தலைவர்கள் நால்வர் கும்பல் ஒன்றால் அடித்துக் கொல்லப்பட்டனர். எட்வர்டு கொபானி, ஆல்பர்ட் பாடே, சாமுவேல் ஒராஜ், தியோபிலசு ஒராஜ் ஆகிய இந்நால்வரும் சாரோ-விவாவின் வழிமுறைகளுடன் முரண்பட்டவர்கள். இவர்களது குடும்பங்களின் துயரமும் இவ்வரலாற்றின் பகுதியே. அன்று சாரோ-விவா ஓகோனி நிலத்துக்குள் நுழையவிடாமல் இராணுவத்தால் திருப்பி அனுப்பப்பட்டிருந்தார். எனினும் மறுநாள் கைதுசெய்யப்பட்டார். பல மாதங்கள் குற்றச்சாட்டு எதுவுமின்றி, விலங்கிடப்பட்டு, வழக்கறிஞரைக் காணவும் விடப்படாமல் வைக்கப்பட்டார். கொலையாளிகளைத் தேடுவதாகக் கூறி ஒகுன்டிமோவின் படை ஊர் ஊராகச் சென்று சுட்டது, கொள்ளையிட்டது, பெண்களை வன்கொடுமைக்கு உள்ளாக்கியது.

1995 பிப்ரவரியில் நீதிபதி இப்ராகிம் ஔட்டா தலைமையில் சிறப்புத் தீர்ப்பாயம் விசாரணையைத் தொடங்கியது. அதன் உறுப்பினர்களுள் ஒருவர் இராணுவ அதிகாரி. தீர்ப்புக்கு எதிராக மேல்முறையீடு செய்ய இயலாது. அரசுத் தரப்புச் சாட்சிகள் இருவர், தங்களுக்குப் பணமும் ஷெல் நிறுவனத்தில் வேலையும் தருவதாகக் கூறிப் பொய்ச்சாட்சி சொல்ல வைத்தனர் என்று உறுதிமொழிப் பத்திரம் அளித்தனர். ஷெல் இதை மறுத்தது. தீர்ப்பாயம் அதைப் பொருட்படுத்தவில்லை. கனி ஃபவெகின்மி, ஃபெமி ஃபலானா முதலிய புகழ்பெற்ற வழக்கறிஞர்கள், நியாயமான விசாரணை நடைபெறவில்லை எனக் கூறி விலகினர். விசாரணையைப் பார்வையிட்ட பிரித்தானிய வழக்கறிஞர் மைக்கேல் பிர்ன்பாம் தம் அறிக்கையில் அதைக் கடுமையாகக் குறைகூறினார்.

சிறையிலிருந்து ஐரியக் கன்னித்துறவி மஜெல்லா மெக்காரனுக்கு இவர் எழுதிய 28 கடிதங்கள் உணவுக் கூடைகளில் மறைத்து வெளியே கொண்டுவரப்பட்டன. அவை இன்று அயர்லாந்தின் மேனூத் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. 1994 இல் வாழ்வாதார உரிமை விருதும், 1995 இல் கோல்ட்மன் சுற்றுச்சூழல் பரிசும் இவருக்குச் சிறையிலிருந்தபோதே வழங்கப்பட்டன.

இக்காலத்தில் சாரோ-விவாவின் தம்பி ஓவன்சு விவா, பிரையன் ஆண்டர்சனைச் சிலமுறை சந்தித்தார். வெளிநாடுகளில் நடக்கும் பரப்புரையை நிறுத்தினால் அண்ணனின் விடுதலைக்கு உதவுவதாக ஆண்டர்சன் கூறினார் என்பது ஓவன்சின் கூற்று. ஆண்டர்சன் அதை ஏற்கவில்லை.

மரணதண்டனை

1995 அக்டோபர் இறுதியில் ஒன்பது பேருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. நவம்பர் 8 அன்று இராணுவ ஆட்சிக்குழு அதை உறுதிசெய்தது. அந்நேரத்தில் ஷெல் தலைமை கருணை காட்டுமாறு அபாச்சாவுக்குக் கடிதம் அனுப்பியது. நவம்பர் 10 அன்று போர்ட் ஹார்கோர்ட் சிறையில் தண்டனை நிறைவேற்றப்பட்டது. சாரோ-விவாவுடன் பாரினெம் கியோபெல், சாட்டர்டே டோபி, நோர்டு ஈயாவோ, டேனியல் குபோகூ, பால் லெவுரா, ஃபெலிக்சு நுவாட்டே, பாரிபோர் பெரா, ஜான் குபுய்னன் ஆகியோரும் உயிரிழந்தனர். உடல்கள் குடும்பத்தாரிடம் ஒப்படைக்கப்படவில்லை.

பொதுநலவாய நாடுகளின் தலைவர்கள் அப்போது நியூசிலாந்தின் ஓக்லாந்தில் கூடியிருந்தனர். மறுநாளே நைஜீரியாவின் உறுப்புரிமை இடைநிறுத்தப்பட்டது. அபாச்சா 1998 இல் இறக்கும்வரை ஆட்சியில் நீடித்தார்.

வழக்குகள்

கொல்லப்பட்டோரின் குடும்பத்தினர் 1996 இல் நியூயார்க்கில் ஷெல் மீது வழக்குத் தொடுத்தனர். பதின்மூன்று ஆண்டுகள் இழுத்தடித்த அவ்வழக்கு விசாரணைக்கு வரும் தறுவாயில், 2009 ஜூனில் 1.55 கோடி டாலர் கொடுத்து ஷெல் உடன்பாடு செய்துகொண்டது. தன் மீது தவறில்லை என்றும், இது மனிதாபிமான அடிப்படையிலான தொகை என்றும் அது கூறியது. உடன்பாட்டினால் நிறுவனத்தின் ஆவணங்கள் ஒரு நடுவர் குழுவின் முன் வாசிக்கப்படும் வாய்ப்பு இல்லாமற் போயிற்று.

பாரினெம் கியோபெலின் மனைவி எஸ்தர் கியோபெல் தொடுத்த மற்றொரு வழக்கில், வெளிநாட்டில் நிகழ்ந்த செயல்களுக்கு அச்சட்டம் பொருந்தாது என 2013 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் 2017 இல் வேறு மூன்று கைம்பெண்களுடன் நெதர்லாந்தின் ஹேக் நகர நீதிமன்றத்தை நாடினார். 2019 இல் அந்நீதிமன்றம் வழக்கை ஏற்றுச் சாட்சிகளை விசாரித்தது. ஆனால் சாட்சிகளுக்குக் கையூட்டு அளித்ததில் ஷெல் ஈடுபட்டது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை எனக் கூறி 2022 மார்ச்சில் தள்ளுபடி செய்தது. நிகழ்வு நடந்து அப்போது இருபத்தாறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன.

எண்ணெய்க் கசிவு குறித்த வழக்குகளில் நிலைமை சற்று வேறு. போடோ என்னும் ஓகோனி ஊரில் 2008 இல் நிகழ்ந்த கசிவுகளுக்காக 2015 இல் 5.5 கோடி பவுண்டு வழங்க ஷெல் இணங்கியது. 2025 மார்ச்சில் தன் நைஜீரிய நிலப்பகுதி எண்ணெய்ப் பிரிவை ரெனைசான்சு என்னும் குழுமத்துக்கு விற்று முடித்தது.

2025 ஜூன் 12 அன்று நைஜீரியக் குடியரசுத் தலைவர் போலா டினுபு ஒன்பது பேருக்கும் பொதுமன்னிப்பு வழங்கி, நாட்டின் உயரிய விருதுகளையும் அறிவித்தார். உறவினர்களும் மனித உரிமை அமைப்புகளும் இதைப் போதாது என்றனர். மன்னிப்பு குற்றம் செய்தவர்களுக்கு உரியது. இவர்கள் குற்றமற்றவர்கள் என்றே அறிவிக்கப்பட வேண்டும் என்பது அவர்களது கோரிக்கையாகும்.