விபுலாநந்த அடிகள்: ஆசிரியப் பணியும் அதன் பேறும்

ஆசிரியரைத் தாய் தந்தையருக்கு அடுத்த படியில் வைத்துப் போற்றும் மரபு எம்மவருடையது. நவராத்திரி நாட்களில் ஏடு தொடக்குவதற்கு நல்ல ஆசிரியர் ஒருவரைத் தேடிச் செல்கின்றோம். பிள்ளை பரீட்சையிற் சித்தியெய்தினால் வெற்றிலை பாக்குடன் அவர் வீட்டுப் படலையைத் திறக்கின்றோம். ஆயினும், தம் பிள்ளையே ஆசிரியனாக வரவேண்டும் என்று விரும்பும் பெற்றோர் இக்காலத்தில் எத்தனை பேர்? வைத்தியம், பொறியியல், வங்கி உத்தியோகம், அதுவும் வாய்க்காவிடிற் கடல் கடந்து செல்லுதல் என்று வரிசைப்படுத்தி, எல்லாவற்றிற்கும் பின்னரே ஆசிரியத் தொழிலை நினைக்கின்றோம். மாலை வேளைகளில் நெல்லியடிச் சந்தியை நிறைத்துச் செல்லும் மாணாக்கர் கூட்டத்தைக் காணும்போது, கல்வியில் எமக்குள்ள ஆசை குறையவில்லை என்பது தெரிகின்றது. கற்பிக்கும் தொழிலின் மீதுள்ள மதிப்பே குறைந்துள்ளது. அதனாற் பெறும் பேறு யாது என்பதை வாழ்ந்து காட்டிய ஒருவரின் சரித்திரத்தை இவ்வாண்டு மலரில் நினைவுகூர விழைகின்றோம்.

சுவாமி விபுலாநந்தரைத் துறவியாக, புலவராக, யாழ் நூல் செய்த இசையாராய்ச்சியாளராக யாவரும் அறிவர். அவர் துறவு பூணுமுன்னரே பள்ளிக்கூட ஆசிரியராக இருந்தவர் என்பதையும், அவ்வாசிரிய வாழ்விற் சுமார் ஐந்து ஆண்டுகள் எமது யாழ்ப்பாணத்திலேயே கழிந்தன என்பதையும் இளைஞர் பலர் அறியார்.

கிழக்கிலங்கையில், கல்முனைக்குத் தெற்கேயுள்ள காரைதீவு என்னும் ஊரிலே சாமித்தம்பி, கண்ணம்மை என்போருக்கு மைந்தராக 1892ஆம் ஆண்டு மார்ச் மாதம் 27ஆம் நாள் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் மயில்வாகனன். கல்முனையிலும் பின்னர் மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் ஆங்கிலக் கல்வி பயின்று, பதினாறு வயதிற் கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையிலே தேறினார். அக்காலத்தில் அப்பரீட்சையிற் சித்தியெய்திய இளைஞனுக்கு அரசாங்க எழுதுவினைஞர் பதவி எட்டாக் கனியன்று. அவரோ தாம் படித்த கல்லூரியிலேயே ஆசிரியரானார். 1911ஆம் ஆண்டிற் கொழும்பு சென்று ஆசிரிய பயிற்சிக் கலாசாலையிற் பயின்று, மீண்டும் மட்டக்களப்புப் பகுதியிலேயே கற்பிக்கத் தொடங்கினார்.

பயிற்சி முடித்துப் பதவி நிரந்தரமானபின், கற்பதை நிறுத்திக்கொள்ளும் ஆசிரியர் அன்றும் உளர், இன்றும் உளர். மயில்வாகனனார் அவ்வாறிருக்கவில்லை. கொழும்பிலுள்ள பொறிநுட்பக் கல்லூரியிற் சேர்ந்து 1916ஆம் ஆண்டில் விஞ்ஞானத்தில் டிப்ளோமாப் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டித பரீட்சையிலும் தேறினார். ஈழநாட்டிலிருந்து அப்பரீட்சையில் முதன்முதலாகச் சித்தியெய்தியவர் அவரே. ஒரே ஆண்டில் இரசாயனமும் தொல்காப்பியமும் ஒருவர் உள்ளத்திலே குடியிருந்தன என்றால், அவர் வாழ்வின் பிற்பகுதி அனைத்திற்கும் அதுவே வித்து எனலாம்.

1917ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியராக அவர் அமர்ந்தார். அக்காலத்து ஆங்கிலக் கல்லூரி ஆசிரியரின் அன்றாட வாழ்வை இக்காலத்தார் சிறிது எண்ணிப் பார்த்தல் வேண்டும். பாடம் ஆங்கிலத்தில். பாடநூல் இங்கிலாந்திலிருந்து வருவது. அதிலுள்ள உதாரணங்கள் எமது பிள்ளைகள் கண்ணாற் காணாத பனிமழையையும் நிலக்கரியையும் பற்றியன. ஒட்சிசன், ஐதரசன் என்பவற்றை வீட்டிலே தமிழ் பேசும் பிள்ளைக்கு விளக்குவதற்குத் தமிழிலே சொல் இல்லை. இந்நிலையில் ஆய்வுகூடத்தில் பரிசோதனைகளைச் செய்து காட்டியும், கொப்பிகளைத் திருத்தியும், கேம்பிரிட்ஜ் பரீட்சைக்கு மாணாக்கரை ஆயத்தஞ் செய்தும் பகற்பொழுது கழியும்.

அப்பகலுக்குப் பின்னரே அவர் தம் சொந்தப் படிப்பைத் தொடங்க வேண்டியிருந்தது. இலங்கையில் அப்போது பல்கலைக்கழகம் இல்லை. பட்டம் பெற விரும்பியோர் இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சைக்குத் தாமே படித்துத் தோற்ற வேண்டும். கற்பித்துக்கொண்டே கற்று, 1920ஆம் ஆண்டில் விஞ்ஞானத்தில் பி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். ஆசிரியத் தொழிலின் முதற்பேறு இதுவென்று நாம் கருதுகின்றோம். பிறருக்கு விளங்கச் சொல்ல முயல்பவனுக்கே தான் கற்றது தெளிவாகின்றது. நாள்தோறும் வகுப்பில் எழும் வினாக்கள் ஆசிரியனைத் தேங்கவிடா.

பட்டம் பெற்ற ஆண்டிலேயே மானிப்பாய் இந்துக் கல்லூரி அவரை அதிபராக ஏற்றது. அப்போது அவருக்கு வயது 28. உதவி நன்கொடை பெறும் பாடசாலையொன்றின் அதிபர் பதவி வெறும் மதிப்பான நாற்காலியன்று. மாணாக்கர் வரவும் கல்வித் தரமும் பரிசோதகரால் மதிப்பிடப்படும். அதனைப் பொறுத்தே அரசாங்கப் பணம் வரும். பிள்ளைகளிடம் கட்டணம் வாங்கவும் வேண்டும். கட்டணம் கொடுக்க இயலாத பிள்ளையை இழக்காதிருக்கவும் வேண்டும். இவற்றிடையே தமிழையும் அவர் மறந்தாரல்லர். 1921ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணத்துத் தமிழறிஞர்கள் கூடி ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கத்தை அமைத்தபோது, அம்முயற்சியில் முன்னின்றவருள் அவரும் ஒருவர். பிரவேச பண்டிதர், பால பண்டிதர், பண்டிதர் என்னும் பரீட்சைகளை நடத்தி, எமது குடாநாட்டிற்கு எண்ணிறந்த தமிழாசிரியர்களைத் தந்தது அச்சங்கமே. இம்மலரைப் படிக்கும் பெரியோர் பலருக்குத் தமிழ் கற்பித்த ஆசான்கள் அப்பரீட்சைகளிலே தேறியவர்களாயிருப்பர்.

இளவயதில் அதிபர் பதவி, அருமையான பட்டம், ஊரார் மதிப்பு ஆகிய மூன்றும் வாய்த்த நிலையில் 1922ஆம் ஆண்டில் அவர் அனைத்தையும் விட்டுச் சென்னை மயிலாப்பூரிலுள்ள இராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்தார். 1924ஆம் ஆண்டில் சுவாமி சிவானந்தரிடம் சந்நியாசம் பெற்று விபுலாநந்தரானார். சுற்றத்தார் வருந்தியிருப்பர்; ஒரு நல்ல ஆசிரியரை இழந்துவிட்டோம் என்று கல்விமான்கள் எண்ணியிருப்பர். நடந்தது வேறு. காவியுடுத்துத் திரும்பி வந்தவர் காட்டிற்குச் செல்லவில்லை, பாடசாலைக்கே வந்தார். இராமகிருஷ்ண சங்கத்தின் பாடசாலைகளை மேற்பார்வை செய்யும் பொறுப்பு அவரிடம் வந்தது. வண்ணார்பண்ணை வைத்தீசுவர வித்தியாலயமும் திருகோணமலை இந்துக் கல்லூரியும் அவர் பராமரிப்பில் வளர்ந்தவை. 1929ஆம் ஆண்டில் மட்டக்களப்புக் கல்லடி உப்போடையில், தம் குருவின் பெயரால் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கினார். தாய் தந்தையற்ற பிள்ளைகளும் ஏழைப் பிள்ளைகளும் தங்கிப் படிக்க அங்கே இல்லம் அமைந்தது.

1931ஆம் ஆண்டில் சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரைத் தனது முதல் தமிழ்ப் பேராசிரியராக அழைத்தது. பகலிற் பல்கலைக்கழக மாணவருக்குச் சங்க இலக்கியம் போதித்த அவர், மாலையில் அயலிலுள்ள திருவேட்களத்துச் சேரிக்குச் சென்று அங்குள்ள பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார். பேராசிரியர் ஒருவர் செய்யத்தக்க வேலையா இது என்று அக்காலத்திற் சிலர் முகஞ் சுளித்திருக்கலாம். கற்பித்தல் என்பது எவருக்குக் கற்பிக்கின்றோம் என்பதைப் பார்த்துக் கூடிக் குறையும் தொழிலன்று என்பதே அவர் கொண்ட நிலை.

இவ்விடத்தில் எம்மவர் மனம் திறந்து சிந்தித்தல் வேண்டும். அதே காலப் பகுதியில், 1930ஆம் ஆண்டையொட்டி, யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சரியாசனத்தில் இருக்க வேண்டும் என்ற விதி வந்தபோது எத்தனை எதிர்ப்புத் தோன்றியது! எமது கரவெட்டிப் பகுதியிலே, கல்வி மறுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்காகத் தேவரையாளியிற் சைவப் பாடசாலை கண்ட சூரன் என்னும் பெருந்தகையை நாம் எத்தனை மேடைகளில் நினைவுகூர்ந்துள்ளோம்? திருவேட்களத்துச் சேரியில் அடிகள் கற்பித்தமையைப் புகழ்வது எளிது. அச்செயலை எமது ஊரிலே செய்தவரைப் புகழ்வதற்கும் நாம் கற்றுக்கொள்ளல் வேண்டும்.

1933ஆம் ஆண்டில் அப்பதவியை விட்டு நீங்கிய அடிகள் சும்மா இருந்தாரல்லர். விஞ்ஞானத்தைத் தமிழிற் கற்பிக்கச் சொற்கள் வேண்டுமென்று சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்க முயற்சியில் தலைமைப் பங்கு ஏற்றார். சம்பத்திரிசியார் கல்லூரி வகுப்பறையில் ஓர் ஆசிரியராக அவர் கண்ட குறையை நீக்கும் பணியாகவே அதனைக் கொள்ளலாம். இமயமலைச் சாரலிலுள்ள மாயாவதி ஆசிரமத்தில் தங்கி, பிரபுத்த பாரத என்னும் ஆங்கில சஞ்சிகையின் ஆசிரியராகவும் விளங்கினார். 1943ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார்.

இப்பணிகளின் இடையிலேதான் யாழ் நூல் வளர்ந்தது. வழக்கொழிந்து போன யாழ்க் கருவியின் அமைப்பைச் சிலப்பதிகாரம் முதலிய நூல்களிலுள்ள குறிப்புகளிலிருந்து அவர் மீட்டெடுத்தார். நரம்பின் நீளத்திற்கும் அதன் ஓசைக்கும் உள்ள தொடர்பைக் கணித முறையால் ஆராய்வதற்குப் பௌதிகம் வேண்டும். பழைய உரைகளைப் பொருள் காண்பதற்குத் தமிழ்ப் புலமை வேண்டும். இரண்டையும் அவர் வகுப்பறைகளிலே ஈட்டிவைத்திருந்தார். 1947ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில், திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் நூல் அரங்கேறியது. ஆறு வாரங்கள் கழிந்து, ஜூலை 19ஆம் நாள், தமது 55ஆம் வயதில் அடிகள் இறைவனடி சேர்ந்தார். அவர் உடல் கல்லடி உப்போடைக்குக் கொண்டுவரப்பட்டுச் சிவானந்த வித்தியாலய வளவிலே சமாதி வைக்கப்பட்டது. தம் மாணாக்கரின் காலடி ஓசை கேட்கும் இடத்திலேயே ஆசிரியர் துயில்கின்றார்.

அவர் பெற்ற ஊதியம் யாது என்று கணக்கெடுத்தால், துறவியாதலின் அவருக்கென்று வீடில்லை, காணியில்லை, ஓய்வூதியமும் இல்லை. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களின்படி உதவி நன்கொடைப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோது, அவர் பாடுபட்டு வளர்த்த பாடசாலைகளும் சங்கத்தின் நிருவாகத்தை விட்டு நீங்கின. ஆயினும் அப்பாடசாலைகள் மூடப்படவில்லை. நிருவாகம் மாறியது, பிள்ளைகள் வந்தவண்ணமே உள்ளனர்.

எல்லா ஆசிரியரும் துறவியாக வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. குடும்பம் நடத்தும் ஆசிரியருக்கு உரிய சம்பளம் காலத்தில் கிடைத்தல் வேண்டும். சேவை என்னும் சொல்லைக் காட்டி அவர் வயிற்றில் அடிப்பது அறமாகாது. மாதச் சம்பளம் போதாமல் மாலையில் தனியார் வகுப்பு நடத்தும் ஆசிரியரைக் குறை கூறுமுன், அவரை அந்நிலைக்கு யார் தள்ளினார் என்று எண்ணிப் பார்ப்போமாக. ஆனால் சம்பளத்தோடு முடிந்துபோகும் தொழிலன்று இது. ஆசிரியர் நட்டதன் பயனை இருபது ஆண்டுகள் கழித்து வேறொருவர் வீட்டிற் காண்கின்றோம். அதனைக் காணுமளவும் காத்திருக்கும் பொறுமை உடையவரே இத்தொழிலுக்கு உரியவர்.

எமது சங்கத்து இளைஞருள் இவ்வாண்டு உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றுவோர் பலர். உத்தியோகங்களை வரிசைப்படுத்தும்போது ஆசிரியத் தொழிலைக் கடைசியில் எழுதாதீர்கள். பெரியோர்களே, பிள்ளை அத்தொழிலை விரும்பினால் வேறு வேலை கிடைக்கவில்லையா என்று கேளாதீர்கள். கேம்பிரிட்ஜ் பரீட்சையிலே தேறிய பதினாறு வயது மயில்வாகனனும் அன்று எழுதுவினைஞர் மேசையைத் தேடிப் போயிருந்தால், ஈழத்துக்கு ஒரு நல்ல எழுதுவினைஞர் கிடைத்திருப்பார்; விபுலாநந்தர் கிடைத்திருக்கமாட்டார்.